யாருக்குப் பாடணும்?

போன மாதம் வாவிக்கரை ஹோட்டல் ஒன்றில் சண்டை போட்டேன். என்னோடு கந்தோரில் வேலை செய்த ஒருவருடைய மகளின் கல்யாண வரவேற்பு. மண்டபத்துக்கு வெளியே, சோபாவும் செப்புக் குடங்களும் வைத்து அலங்கரித்த இடத்தில், கூரையில் பதித்திருந்த ஸ்பீக்கரிலிருந்து ஒரு பாட்டு வந்துகொண்டிருந்தது. சக்ஸபோன், அதற்குக் கீழே ஒரு பாஸ் கிட்டார், நடுவில் ஒரு பெண்ணின் குரல். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கேக் தின்றபடி அதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தது. வரவேற்பு மேசைக்குப் போய் அதை நிறுத்தச் சொன்னேன்.

"ஏன் சேர்? நல்ல பாட்டுத்தானே. யாரு பாடுறதுன்னு எல்லாரும் விரும்பிக் கேப்பாங்க" என்று அங்கிருந்த பெண் சிரித்தாள்.

"நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன். மண்டபத்திலிருந்து தலைகள் திரும்பின. மானேஜர் ஓடிவந்தார். என் மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் என்னை எங்கள் வான் வண்டியில் ஏற்றினாள். "பிரஷர் மாத்திரையப் போட்டீங்களா இல்லையாப்பா?" என்றாள். மாத்திரையைப் போட்டிருந்தேன்.

அந்தப் பாஸ் கிட்டார் என்னுடையது. அந்தக் குரலுக்கு உரியவளுக்கு நான் ஒரு துரோகம் செய்தேன். அவளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், ஆனால் பெயரை எழுத மாட்டேன். சீடி அட்டையில் 'மரபுப் பாடல், பெண் குரல்' என்று மூன்று மொழியிலும் அச்சடித்தார்கள். அன்றைக்கு அவள் பெயரைப் போடச் சொல்லி வாய் திறக்காதவனுக்கு இன்றைக்கு அதை எழுத என்ன யோக்கியதை இருக்கிறது?

அவள் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிள்ளைக் காம்பரா ஆயா. தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம்தான் பிள்ளைக் காம்பரா. என் அக்கா அந்தத் தோட்டத்துக் கிளாக்கருக்குத்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அக்காவைப் பார்க்கப் போன ஒருநாள், வரிசையாகக் கட்டியிருந்த ஏணைத் தொட்டில்களுக்கு நடுவே நின்று அவள் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். இருபது பிள்ளைக்கும் ஒரே பாட்டுத்தான். ஆனால் ஒவ்வொரு ஏணைக்குப் பக்கத்தில் வரும்போதும் அந்தப் பிள்ளையின் பெயரும் அதன் தாயின் பெயரும் பாட்டுக்குள் வந்து விழும். அழுகிற பிள்ளைக்கு ஒரு மாதிரி, வயிற்றுவலிக்காரனுக்கு ஒரு மாதிரி. நான் வாய் பிளந்து நின்றேன். அப்போது எங்கள் இசைக்குழு பாட்டுக்காரர் தேடிக்கொண்டிருந்தது. நான்தான் அவளைக் கண்டிக்குக் கூட்டிவந்தேன். அந்தப் பெருமையை அப்போது ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

குழுவின் பெயரில் கடல் இருந்தது. மருந்துக்கும் கடல் இல்லாத கண்டியில் கடலின் பெயரில் ஒரு குழு! நாட்டில் சமாதானம் பேசிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று எங்களை எல்லாம் ஒரே மேடையில் பார்த்துவிட வெளிநாட்டுக்காரர்களுக்கு அப்படி ஓர் ஆசை. எங்கள் தலைவர் சக்ஸபோன்காரர், கண்டிச் சிங்களவர், ஐரோப்பாவில் பத்து வருடம் ஜாஸ் படித்துவிட்டு வந்தவர். மாஸ்டர் என்போம். அலவத்துகொடையிலிருந்து றபான் பறை அடிக்கிற முஸ்லிம் நானா ஒருவர். தலதா பெரஹர ஊர்வலத்தில் பரம்பரையாக மேளம் அடிக்கிற குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர். பாஸ் கிட்டாருக்கு நான், மாநகரசபைக் கிளாக்கர், கல்யாண வீட்டு பாண்டில் கற்றுக்கொண்ட வாசிப்பு. எல்லோரும் அம்பிட்டிய ஏற்றத்தில் மாஸ்டர் வீட்டு கராஜில் கூடுவோம்.

மாஸ்டர் கெட்டவர் என்றால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. நல்லவர். யாருக்காவது காய்ச்சல் என்றால் சூப் வைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுவார். யாரைக் கண்டாலும் கட்டிப்பிடிப்பார். எதைக் கேட்டாலும் "அற்புதம்" என்பார். பாங்குச் சத்தமும் அற்புதம், பௌத்தப் பன்சலை மணியும் அற்புதம், பஸ் கொண்டக்டர் கூவுவதும் அற்புதம். எல்லாவற்றையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடலாம் என்பார். இசைக்கு மொழி கிடையாது என்று மூன்று மொழியிலும் சொல்வார். அவருக்குத் தெரிந்த தமிழில் ஒருவரிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம், அவ்வளவுதான்.

முதல் நாள் பயிற்சிக்கு அவள் வந்தபோது செருப்பை கராஜ் வாசலிலேயே கழற்றிவைத்தாள். சிமெந்துத் தரை குளிரும் என்று சொல்லியும் கேட்கவில்லை. மாஸ்டர் மைக்கை உயரம் குறைத்து வைத்து, அந்தத் தாலாட்டைப் பாடச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"யாருக்குப் பாடணும்?"

"மைக்குல பாடு தங்கச்சி" என்றேன்.

"இதுக்கா?" மைக்கைத் தொட்டுப் பார்த்தாள். "இது தூங்குமாண்ணே?"

எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. அது அவளுக்கு உண்மையான சந்தேகம். ஆள் இல்லாமல் பாட்டு வராது என்றாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கற்பனை செய்யச் சொன்னார். அவள் கண்ணை மூடினாள், திறந்தாள், "யாருமில்லையே" என்றாள். கால் மணித்தியாலம் இப்படிப் போனது. கடைசியில் றபான்கார நானா எழும்பிப் போய்ப் பாயில் நீட்டிப் படுத்தார். கைலேஞ்சியை முகத்தில் போட்டுக்கொண்டார். "எனக்குப் பாடுங்கோ தங்கச்சி. ராவெல்லாம் நித்திர இல்ல" என்றார்.

அவள் அவருக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடினாள்.

"மலைக்குப் போன அம்மா
மத்தியானம் வருவா,
மடி நெறைய வெயில் எடுத்து
மகனப் பாக்க வருவா..."

நானாவின் ஊரும் வந்தது, முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்ட அவருடைய உம்மாவின் பெயரும் வந்தது. மாஸ்டர் சக்ஸபோனை வாயில் வைத்தார். அவள் பாட்டை நிறுத்தாமலே கையை உயர்த்தி அவரைத் தடுத்தாள். முடித்துவிட்டு என்னிடம், "மாஸ்டர பொறகு ஊதச் சொல்லுங்கண்ணே. நானா எந்திரிச்சிருவாரு" என்றாள். நானா உண்மையாகவே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அன்று போகும்போது ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டாள். "நானா, போயிட்டு வாறேன். மாஸ்டரு, போயிட்டு வாறேன். கண்டி அண்ணே, போயிட்டு வாறேன்." மேளக்காரருக்குச் சிங்களத்தில் சொன்னாள். ஒருவரைக்கூட விடமாட்டாள். மாஸ்டர் தொலைபேசியில் இருந்தால் முடிக்கும் வரை நின்று சொல்லிவிட்டுத்தான் போவாள். இதனால் ஹேவாஹெட்ட பஸ்ஸை எத்தனை நாள் தவறவிட்டாள் என்று கணக்கில்லை.

'யாருக்கு' என்ற அந்த ஒரு கேள்வியை அவள் விடவேயில்லை. கலகெதரவில் ஒரு பாடசாலை மேடையில் கொழுந்துக்காரிகளின் கேலிப்பாட்டு ஒன்றைப் பாட வேண்டியிருந்தது. மேடையேறியதும் கண்ணால் ஆள் தேடினாள். முன்வரிசையில் பிரதம அதிதி, தொப்பியும் தொந்தியுமாக, மாலை போட்டுக்கொண்டு கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தொப்பி வச்ச மாமோவ், தொந்தி வச்ச மாமோவ்,
மலையேறச் சொன்னவரே, நீங்க ஏறுங்க மாமோவ்!"

அவருடைய முகத்துக்கு நேரே விரல் நீட்டிப் பாடினாள். பிள்ளைகள் கூத்தாடினார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. தனக்கு மரியாதை செய்கிறாள் என்று நினைத்துக் கைகூப்பினார். பஸ்ஸில் திரும்பும்போது, "ஏன் தங்கச்சி அந்தாள வம்புக்கு இழுத்த?" என்று கேட்டேன். "அந்தப் பாட்டு கங்காணிக்குள்ளதுண்ணே. கங்காணி இல்லாத எடத்துல அவரு மாதிரி ஒருத்தருக்குத்தான் பாடணும். சும்மா ஆகாசத்தப் பாத்துப் பாடினா பைத்தியம்னு சொல்லுவாங்க" என்றாள். மாஸ்டரிடம் மொழிபெயர்த்தேன். "அற்புதம், பிறவிக் கலைஞர்" என்றார். அவள் என்ன சொன்னாள் என்பதை அவர் காதில் வாங்கவில்லை. அவள் எப்படிச் சொன்னாள் என்பது மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது. எனக்கும் அப்போது அவ்வளவுதான் பிடிபட்டது, இதில் நான் அவரைவிட ஒன்றும் உசத்தியில்லை.

பிறகு மாஸ்டருக்கு ஒப்பாரி வேண்டியிருந்தது.

வாவிக்கரை ஹோட்டல் தோட்டத்தில் பெரிய நிகழ்ச்சி ஒன்று வரவிருந்தது. தூதரகத்து ஆட்கள் வருவார்கள்; பிடித்துப் போனால் மூன்று நாட்டுக்கு எங்களை அழைப்பார்கள். தொடக்கத்துக்கு ஒரு துயரம் வேண்டும் என்றார் மாஸ்டர். ஐரோப்பாவில் ஏதோ ஒரு நூலகத்தில் தமிழ் ஒப்பாரி ஒன்று கேட்டிருக்கிறார். அவளிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டாள். "யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. சும்மா ஒரு நாலு வரி."

"எழவு விழாத வீட்ல ஒப்பாரி வச்சா எழவ வான்னு கூப்புடுற மாதிரிண்ணே. இந்த வீட்ல புள்ளகுட்டி இருக்கு. ஒங்களுக்குத் தெரியாதா? நீங்க நம்ம ஆளுதானே?"

எனக்குத் தெரியும். எங்கள் அம்மா விளையாட்டுக்குக்கூட வீட்டுக்குள் அந்த இழுப்பை இழுக்க விடமாட்டாள். நானா றபானைக் கீழே வைத்துவிட்டு, "அவ சொல்றது சரிதானே மாஸ்டர். மௌத்து வீட்டுப் பாட்ட கராஜுக்குள்ள பாடேலுமா?" என்றார். மேளக்காரரும் தன் குடும்பத்தில் தெய்வத்துக்கு விளக்கு வைக்காமல் தொடாத அடி ஒன்று இருக்கிறது என்றார். மூன்று பேரும் மூன்று வீட்டிலிருந்து வந்து ஒரே பேச்சைப் பேசினார்கள். குழு ஒன்று இருந்ததென்றால் அந்த ஐந்து நிமிடம்தான் இருந்தது. மாஸ்டர் எல்லோரையும் பார்த்துச் சிரித்து, "சரி, சரி" என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ தமிழன். உனக்கு அவளிடம் பேசத் தெரியும்" என்றார்.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. காலையில் எட்டேகாலுக்குக் கையெழுத்துப் போட்டு, குப்பை வண்டி வரவில்லை என்கிற கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறவன். விமானத்தைக் கீழே நின்று மட்டும் பார்த்திருக்கிறேன். மூன்று நாடு என்றதும் நாக்கைத் தொங்கப் போட்டேன். இதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த மாதம் அவளுடைய தங்கச்சி செத்துப்போனாள். மலையில் குளவி கொட்டியது. மரத்தில் கூடு இருக்கிறது என்று ஒரு கிழமையாகப் பெண்கள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லொறி வரும் வரை பாதையில் படுக்கவைத்திருந்தார்கள். லொறி வந்தபோது மூச்சில்லை. இருபத்தாறு வயது. தகவலை அக்கா சொன்னாள். நான் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் கண்கலங்கினார், பொய்க் கண்ணீர் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் உள்ளங்கையளவு ரெக்கோடர் ஒன்றை எடுத்துவந்து என் கையில் வைத்தார். "நான் கேட்டுப் படிக்க மட்டும்தான்" என்றார்.

அதை நம்பினேன் என்று எழுதினால் பொய்.

அவளுடைய லயத்து வீட்டு வாசலில் பெண்கள் தோளில் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெட்டி. குளவி கொட்டிய முகம் தெரியாமலிருக்கச் சேலையால் மூடியிருந்தார்கள். நான் ஸ்வெட்டருக்குள்ளே சட்டைப் பையில் பொத்தானை அமுக்கிவிட்டுக் கைகட்டி நின்றேன். யாரோ கோப்பையில் தண்ணீர் தந்தார்கள், வாங்கிக் குடித்தேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒப்பாரியில் வருகிறவர்களைச் செத்தவருக்குச் சொல்வது வழக்கம். என்னையும் தங்கச்சியிடம் சொன்னாள்.

"கண்டி மலை தாண்டி
அண்ணன் வந்து நிக்கிறாரே,
எந்திரிச்சி வாங்கண்ணு
ஒரு வார்த்த சொல்லலியே..."

என் நெஞ்சுக்கு மேலே அந்தச் சாமான் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். அழுதேன், அழுதுகொண்டே கசெட் முடிந்துவிடுமோ என்றும் பயந்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது. மனிதனுக்கு இப்படியும் முடிகிறது. பெட்டியைத் தூக்கியதும், எழவு வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படக்கூடாது என்பதால், பேசாமல் இறங்கி வந்துவிட்டேன். அக்கா வீட்டுப் பீலியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். முறை எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் குளித்ததால் கசெட் நனையவில்லை.

பதினாறு முடிந்த பிறகு பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். அவள் இளைத்திருந்தாள். தங்கச்சியின் பிள்ளை இப்போது அவள் இடுப்பில் இருந்தது. நிகழ்ச்சியைப் பற்றிச் சொன்னேன். தாலாட்டும் கேலிப்பாட்டும் போதும், ஒப்பாரி இல்லை என்று சத்தியம் செய்தேன்.

"யாருக்குண்ணே பாடுறது? மனசே சரியில்ல."

"எனக்காகப் பாடு தங்கச்சி."

பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். "ஒங்களுக்குன்னா பாடுறேன்ண்ணே" என்றாள்.

நிகழ்ச்சி மாலை ஐந்து மணிக்கு. புல்தரையில் வெள்ளைத் துணி போட்ட கதிரைகள். வாவியிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. மேடையோரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் நின்றாள். நானா அவளுக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். மாஸ்டர் ஒலிக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஸ்பீக்கரிலிருந்து அவளுடைய தங்கச்சியின் பெயர் வந்தது.

அவளுடைய குரல்தான். லயத்து நாய் ஒன்று குரைத்ததுகூடக் கேட்டது. மாஸ்டர் அதை வெட்டி ஒட்டியிருந்தார். 'அண்ணன் வந்து நிக்கிறாரே' என்ற இடம் மூன்று தரம் திரும்பத் திரும்ப வந்தது. அதன் மேல் சக்ஸபோனால் நீளமாக இழுத்தார். அந்தச் சுருதிக்குப் பாஸில் எந்த இரண்டு ஸ்வரம் வேண்டும் என்று காலையிலேயே எனக்குச் சொல்லியிருந்தார், ஏன் என்று நான் கேட்கவில்லை. வாசித்தேன். கதிரைகளில் இருந்தவர்கள் நெஞ்சில் கைவைத்துக் கேட்டார்கள். முடிந்ததும் கைதட்டினார்கள். அவளுடைய தங்கச்சி செத்ததற்குக் கைதட்டினார்கள்.

நான் மேடையோரத்தைப் பார்த்தேன். அவள் இரண்டு கையாலும் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போதே இறங்கிப் போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். போயிருந்தால் நான் பிழைத்திருப்பேன். மாஸ்டர் கை நீட்டி அழைத்தார். அவள் மைக்குக்கு வந்தாள். நானா கேலிப்பாட்டுக்கான தாளத்தை அடிக்கத் தொடங்கினார்.

அவள் பாடவில்லை. வழக்கம்போல ஆள் தேடினாள். முன்வரிசையைப் பார்த்தாள், மாஸ்டரைப் பார்த்தாள், பார்வை அவரிலும் நிற்கவில்லை. மைக்கை அதன் காலோடு தூக்கித் திருப்பி வைத்து, சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எனக்கு நேரே நின்றாள். "ஒங்களுக்குன்னுதானே வந்தேன்" என்றாள். பிறகு அந்த இழுப்பை இழுத்தாள்.

"அண்ணேன்னு கூப்புட்டேன்,
அடுப்படி வர வந்தீங்க,
எழவு வீட்டு வாசலில
எங்க கையால குடிச்சீங்க,
சட்டப் பையில என்ன வச்சி
சாகப் போனீங்க, அண்ணே...

தங்கச்சிக்கு அழுத கண்ண
தட்டுல வச்சி வித்தவரே,
ஒங்களுக்கு யார் அழுவா?
ஒருத்தி நான் அழுவுறேனே,
கண்டி அண்ணே, என் அண்ணே,
கண்ண மூடிப் போயிட்டீங்களே..."

நானாவின் கை நின்றது. றபானைத் தரையில் கவிழ்த்து வைத்தார். மேளக்காரர் இரண்டு உள்ளங்கையாலும் மேளத்தின் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டார். மாஸ்டருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. இன்ப அதிர்ச்சியில் முகம் மலர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சக்ஸபோனோடு உள்ளே இறங்கினார். உலகத்திலேயே நல்ல வாசிப்பு அவர் அன்றைக்கு வாசித்தது. அதற்குக் கீழே ஒரு பாஸ் கிட்டார் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. என் கைகள்தான். உயிரோடு நிற்கிறவனுக்கு முகத்துக்கு முன்னால் ஒப்பாரி வைக்கிறார்கள், அவன் தாளம் தவறாமல் வாசிக்கிறான். நிறுத்தியிருந்தால் அந்த ஒரு காரியத்தையாவது இன்றைக்குச் சொல்லிக்கொள்வேன்.

சபை எழுந்து நின்று கைதட்டியது.

அவள் மேடையிலிருந்து இறங்கினாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. நானாவிடமும் இல்லை, மேளக்காரரிடமும் இல்லை. தோட்டக்காரர்கள் செடிக்கு ஊற்றுகிற பைப் ஒன்று வேலியோரத்தில் இருந்தது. நேரே அங்கே போனாள். சேலையோடு குந்தி, பைப்பைத் திறந்து, தலையை அதன் கீழே கொடுத்தாள். உச்சியிலிருந்து முழுக்க நனைந்தாள். எழுந்து கூந்தலைப் பிழிந்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கக் கேற் வழியாக வெளியே போனாள். தூதரகத்து அம்மா ஒருவர் அதைப் படம் எடுத்தார்.

நானா என்னிடம் வந்தார். "தம்பி, ஹயாத்தோட, உசிரோட ஈக்கிற ஒங்கள அடக்கிட்டு, குளிச்சிட்டுப் போறா. வெளங்குதா? இல்லாட்டி இதையும் மாஸ்டருக்குத் தமிழ்லருந்து தர்ஜுமா பண்ணிக் குடுக்கப் போறீங்களா?" என்றார். அடுத்த பயிற்சிக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை.

மாஸ்டர் வியர்வையோடு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "அற்புதம்! அவள் எங்கே? ஏன் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்? அவளுக்கு என்ன?" என்று கேட்டார்.

"வெக்கை" என்றேன். வாவிக் காற்றில் எனக்குப் பல் அடித்துக்கொண்டிருந்தது.

மூன்று நாட்டுக்கும் போனேன். அவள் இல்லாததால் அன்றைக்குப் பதிவான பாட்டையே ஸ்பீக்கரில் போட்டு, அதோடு வாசித்தோம். ஒவ்வோர் ஊரிலும் மாஸ்டர் மைக்கை என்னிடம் தந்து, இந்தப் பாட்டின் அர்த்தத்தைச் சொல் என்பார். பிரிந்த அண்ணனுக்காக ஒரு தங்கை ஏங்குகிறாள் என்று சொல்வேன். அவர்கள் ஆகா என்பார்கள். அதுவே சீடியில் முதல் பாட்டாயிற்று. ஹோட்டலில் கேக் தின்பவர்களுக்கு அதைத்தான் போடுகிறார்கள்.

திரும்பி வந்த மாதம் அக்காவைப் பார்க்கும் சாக்கில் தோட்டத்துக்குப் போனேன். பிள்ளைகளுக்குச் சொக்லட் பெட்டி ஒன்று கொண்டுபோயிருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக் காம்பரா கதவு திறந்திருந்தது. அவள் தங்கச்சியின் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு ஏணைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று, "தங்கச்சி" என்றேன்.

அவள் திரும்பினாள். என் மேல் கோபம் இருக்கும், திட்டுவாள், காறித் துப்புவாள் என்று வழியெல்லாம் என்னைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அதற்கெல்லாம் நான் பதில் வைத்திருந்தேன். அவள் முகத்தில் கோபமே இல்லை. திறந்த கதவைப் பார்ப்பதைப் போலப் பார்த்தாள். மழை வருமா என்று எனக்குப் பின்னாலிருந்த வானத்தைப் பார்த்தாள்.

தோளில் கிடந்த பிள்ளை தலையைத் தூக்கி என்னைக் காட்டியது. "யாரு பெரியம்மா?"

"யாருமில்ல சாமி" என்றாள். "நீ தூங்கு."

பிறகு அந்தப் பிள்ளையின் பெயரையும் அதன் தாயின் பெயரையும் சொல்லிப் பாடத் தொடங்கினாள்.